மழையிலயும் வெயில்லயும் பெர்ஃபார்மன்ஸ் டயர்: நம்ம செட்டிநாட்டுப் பக்கம் அடிக்கடி கேட்குற கேள்விகள்

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், திருப்பத்தூர் பக்கம் கார் ஓட்டுறவங்க டயர் மாத்தப் போறப்ப திரும்பத் திரும்ப கேட்குற கேள்விகள இங்க சேத்து எழுதிருக்கேன். நான் ஓட்டிப் பாத்தது கொஞ்சம், மெட்ராஸ் மதுரைன்னு ஓயாம ஓடுற டிராவல்ஸ் அண்ணன்க சொன்னது நெறைய. டயர் வாங்குறதுக்கு முன்னாடி ஒரு தடவை முழுசா படிச்சிருங்க, ஏன்னா நம்ம பக்கம் டயர பாத்து வாங்குற முறையிலயே ஒரு கோளாறு இருக்கு, அது ரெண்டாவது கேள்வியில வருது.

கேள்வி: பெர்ஃபார்மன்ஸ் டயர்னா என்னண்ணே? கார் வாங்குறப்ப கூடவே வர்ற டயருக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்?

கார் கம்பெனி போட்டுக் குடுக்குற டயர் பெரும்பாலும் மைலேஜ், விலை, சத்தம் இந்த மூணையும் பாத்து எடுத்தது. பெர்ஃபார்மன்ஸ் டயர்ல முதல்ல பாக்குறது பிடிமானம், மத்ததெல்லாம் அதுக்கு அப்புறந்தான். ரப்பர் கலவையே வேற, சைடுவால், அதாவது டயரோட பக்கச்சுவர், கெட்டியா இருக்கும், ஓரத்துல இருக்குற பட்டன் (ரோட்ட தொடுற பக்கம் பள்ளம் விட்டு வெட்டுன ரப்பர்) கட்டைங்க பெருசா இருக்கும், வளைவுல திருப்புறப்ப அது மடங்காது. இன்னொன்னு சிலிகா, மணல்ல இருந்து எடுக்குற ஒரு வெள்ளைப் பொடி. ரொம்ப காலமா டயர் ரப்பர்ல கார்பன் கரிதான் கலந்துகிட்டு இருந்தாங்க, 1990கள் ஆரம்பத்துல மிஷ்லின்காரங்க சிலிகாவ அதிகமா கலந்து கார் டயர் கொண்டு வந்தாங்க, அதுக்கப்புறம்தான் ஈர ரோட்டுல பிடிமானமும் வேணும் மைலேஜும் குறையக்கூடாதுங்கிறது ஒரே டயர்ல முடிஞ்சுச்சு. இப்ப நல்ல டயர் எல்லாத்துலயும் சிலிகா இருக்கு.

சைடுல 215/60 ஆர்16 95 வி ன்னு போட்டிருக்கும் பாருங்க, 215ங்கிறது அகலம் மில்லிமீட்டர்ல, 60ங்கிறது அந்த அகலத்துல சைடுவால் உயரம் எத்தனை சதவீதம்ங்கிறது, 16 ரிம்மு இஞ்ச், 95ன்னா ஒரு டயர் 690 கிலோ தாங்கும், கடைசி எழுத்து ஸ்பீடு, மணிக்கு எத்தனை கிலோமீட்டர் வரைக்கும்னு. டி ன்னா 190, ஹெச் 210, வி 240, டபிள்யூ 270, ஒய் 300. யாரு நம்ம ரோட்டுல 240ல போகப்போறாங்கன்னு கேப்பீங்க, யாரும் போகக்கூடாது, ஆனா அந்த எழுத்து சூடு எவ்வளவு தாங்கும்ங்கிறதையும் சேத்துதான் சொல்லுது. சித்திரை வைகாசி வெயில்ல தார் ரோடு 60 டிகிரிய தொடுற ஊரு நம்மளுது, அதனால அத லேசா எடுத்துக்காதீங்க. கார் கம்பெனி மேனுவல்ல போட்ட எழுத்துக்கும் நம்பருக்கும் கீழ எப்பவும் போகாதீங்க.

கேள்வி: நம்ம பக்கம் மழையே கம்மி, வருசத்துல முக்கால்வாசி வெயில்தான். ஈர ரோட்டுக்குன்னு பாத்து டயர் வாங்கணுமா?

இதுதாங்க நான் சொன்ன கோளாறு. சிவகங்கை மாவட்டத்துல மழை அதிகமா பெய்யுறது ஐப்பசி கார்த்திகையிலதான், வடகிழக்குப் பருவமழைல. மத்த மாசமெல்லாம் காஞ்ச ரோட்டுலயே ஓட்டிட்டு "எனக்கு இந்த டயர் சூப்பரா இருக்கு, ஒரு பிரச்சனையும் இல்ல"ன்னு எல்லாரும் சொல்றாங்க. காஞ்ச ரோட்டுல 80ல போயி பிரேக் அடிச்சா விலை கம்மியான டயரும் நிக்கும், ஓரளவு தேஞ்ச டயரும் நிக்கும், ஏன் மொட்டை டயரே நிக்கும், அங்க வர்ற வித்தியாசம் சில மீட்டர்தான். ஈரத்துலதான் வித்தியாசம் கார் நீளம் கணக்குல வரும். அதனால காஞ்ச ரோட்டு அனுபவத்த வச்சு ஒருத்தர் டயர சிபாரிசு பண்ணுனா, கார்த்திகை மழைல ஓட்டிருக்கீங்களாண்ணே, எப்படி நின்னுச்சுன்னு ஒரு வார்த்தை கேட்டுருங்க.

கணக்கா வேணும்னா, 80ல போறப்ப நல்லா பிடிக்கிற காஞ்ச ரோட்டுல பிரேக் மிதிச்சதுல இருந்து நிக்கிறதுக்கு ஏறக்குறைய 31 மீட்டர் ஆகும், உராய்வு 0.8ன்னு வச்சுக்கிட்டா. ஈரத்துல அதே உராய்வு 0.5க்கு இறங்குனா 50 மீட்டர். கண்ணு பாத்து கால் மிதிக்கிற ஒரு செகண்டுல 22 மீட்டர் போயிருது, அது தனி. தைப்பூசத்துக்கு நம்ம நகரத்தார் காவடி குன்றக்குடி, சிங்கம்புணரி, நத்தம் வழியா பழனிக்கு நடக்குறப்ப விடியக்காலைல பனி இறங்கி ரோடு மினுமினுன்னு இருக்கும், ஓரத்துல வரிசையா சனம் நடந்துகிட்டு இருக்கும். அந்த ரோட்டுல, 31க்கும் 50க்கும் நடுவுல இருக்குற அந்த 19 மீட்டர்ல எத்தனை பேரு நடந்து போவாங்கன்னு நெனச்சுப் பாத்துட்டு டயர் வாங்குங்க. நான் இத வேகத்துக்காக எழுதலங்க, நிக்கிறதுக்காகத்தான் எழுதுறேன்.

கேள்வி: அப்ப காஞ்ச ரோட்டுல பெர்ஃபார்மன்ஸ் டயரால பிரயோசனமே இல்லையா?

இருக்கு. ஸ்டியரிங் திருப்புன உடனே கார் திரும்புறது நல்லா தெரியும், லேன் மாத்துறப்ப பின்னாடி அசையாது. மேலூர் ரோட்டுல திடீர்னு ஆடு, மயில் குறுக்க வந்து ஒடிச்சு திருப்புனவங்க எல்லாரும் இதத்தான் சொல்றாங்க, கார் சொன்னபடி கேட்டுச்சுன்னு. கொடைக்கானல் மலைப்பாதைல வத்தலக்குண்டு பக்கம் இறங்குறப்ப வளைவுக்கு வளைவு நம்பிக்கையா இருக்கும். ஆனா சைடுவால் கெட்டிங்கிறதால ஊருக்குள்ள பள்ளம் மேடு, தெருவுக்குத் தெரு இருக்குற வேகத்தடை எல்லாம் கொஞ்சம் முதுகுல தெரியும். வயசான ஆச்சி, அப்பச்சிய அடிக்கடி கூட்டிட்டுப் போற காருக்கு நான் முழு ஸ்போர்ட்ஸ் டயர் சொல்ல மாட்டேன், ஈரப் பிடிமானம் நல்லா இருக்குற டூரிங் டயரே (சொகுசா, சத்தம் கம்மியா ஓடுற வகை) போதும்.

கேள்வி: முதல் மழை பெஞ்ச உடனே அப்படி வழுக்குதே, நல்லா கொட்டுன மழைல கூட அவ்வளவு வழுக்கலையே, ஏன்?

மாசக்கணக்குல காஞ்சு கிடந்த ரோட்டுல ஆயில், டயர் தூள், செம்மண் புழுதி எல்லாம் படிஞ்சு கிடக்கும். முதல் தூறல்ல அது கரையாம கொழகொழன்னு ஒரு படலமாயிரும். ஆத்தங்குடி டைல்ஸ் போட்ட வளவுல தண்ணி சிந்துனா எப்படி கால் வழுக்கும், அதே கதைதான், மேல இருக்குற அந்த மெல்லிசான ஈரந்தான் ஆபத்து. அரை மணி நேரம் நல்லா கொட்டி கழுவி விட்டுருச்சுன்னா பிடிமானம் ஓரளவு திரும்பிரும். காரைக்குடி சுத்து வட்டாரத்துல செம்மண் வண்டிப்பாதை தார் ரோட்டுல வந்து சேர்ற இடமெல்லாம் லாரி, டிராக்டர் சக்கரம் மண்ண கொண்டாந்து போட்டிருக்கும், அங்க இன்னும் மோசம். முதல் மழை அன்னிக்கு என்ன டயர் போட்டிருந்தாலும் மெதுவா போங்க, முன்னாடி வண்டிக்கு டபுள் இடம் விடுங்க.

கேள்வி: தண்ணில ஏறுனப்ப ஸ்டியரிங் காத்துல சுத்துற மாதிரி லேசாயிருச்சு, அது என்ன?

அதத்தான் அக்வாபிளேனிங்னு சொல்றாங்க. டயர் தண்ணிய வெளிய தள்ளுறத விட வேகமா நீங்க போயிட்டா தண்ணி டயருக்கு அடியில புகுந்து டயர தூக்கிரும், ரப்பர் ரோட்ட தொடவே தொடாது. அந்த நேரம் பிரேக்கும் கிடையாது ஸ்டியரிங்கும் கிடையாது. கண்மாய் நெறஞ்சு மறுகால் போற சமயம் ரோட்டுல தண்ணி குறுக்க ஓடும்ல, தரைப்பாலம், ரோடு இறக்கமா இருக்குற இடம், அங்கதான் நம்ம பக்கம் இது நடக்குது. லாரி சக்கரம் அமுக்கி பள்ளம் விழுந்த தடத்துல தண்ணி நிக்கும், அதுலயே போகாம கொஞ்சம் தள்ளி ஓட்டுங்க.

1960கள்ல நாசாக்காரங்க விமான டயருக்காக ஒரு கணக்கு கண்டுபிடிச்சாங்க, காத்து பிரஷர பி.எஸ்.ஐ.ல (கடைல காத்து அடிக்கிறப்ப சொல்ற அளவு) எடுத்து, அதோட வர்க்கமூலத்த 10.35ஆல பெருக்குனா டயர் மிதக்க ஆரம்பிக்கிற வேகம் மணிக்கு எத்தனை மைல்னு வரும். 33 பி.எஸ்.ஐ. இருந்தா ஏறக்குறைய 96 கிலோமீட்டர். காத்து இறங்கி 24ல இருந்தா 82. இது பட்டன் வேலை செய்யாத அளவுக்கு ஆழமா தண்ணி நிக்கிறப்ப உள்ள தோராயக் கணக்கு, கார் டயர் அகலமா தட்டையா இருந்தா இதுக்கும் கீழயே மிதக்கலாம். ஆனா அதுல ஒன்னு புரியுதுல்ல, காத்து கம்மியா இருந்தா சீக்கிரமே மிதந்துரும். மழைக்காலத்துல பிடிமானத்துக்காக காத்த குறைச்சு வைக்கணும்னு நம்ம ஊர்ல ஒரு பேச்சு இருக்கு, அது தப்பு, ரொம்ப தப்பு.

மிதந்துருச்சுன்னா பிரேக்க ஓங்கி மிதிக்காதீங்க, ஸ்டியரிங்க ஒடிக்காதீங்க, ஆக்சிலேட்டர்ல இருந்து கால மெதுவா எடுத்துட்டு நேரா பிடிச்சுக்கங்க. வேகம் இறங்குனதும் டயர் தானா ரோட்ட பிடிக்கும். குரூஸ் கன்ட்ரோல் (கால் வைக்காமலே ஒரே வேகத்துல ஓட்டுற வசதி) இருக்குற காருன்னா மழைல அத போடவே போடாதீங்க.

கேள்வி: எஃப்1 ரேஸ்ல பட்டனே இல்லாத டயர் போடுறாங்களே, அப்ப பட்டன் தேஞ்சா பிடிமானம் கூடத்தானே செய்யும்?

காஞ்ச ரோட்டுல பாதி உண்மை, ரப்பர் நெறைய ரோட்ட தொடுது. ஆனா அவங்க ரப்பரே வேற, சூடானாதான் ஒட்டும், ஒரு ரேஸ்ல பல செட் மாத்துவாங்க. மழை வந்த உடனே அவங்களும் பிட்டுக்கு ஓடி வந்து பட்டன் வச்ச டயர்தான் போடுறாங்க, அங்க பைரெல்லி குடுக்குற முழு மழை டயர் 300 வேகத்துல ஒரு செகண்டுக்கு 85 லிட்டர் தண்ணிய தள்ளும்னு கம்பெனியே சொல்லுது. நம்ம தேஞ்ச டயர்ல பழசாகி இறுகிப்போன ரப்பர், அது காஞ்ச ரோட்டுலயும் ரேஸ் டயர் மாதிரி பிடிக்காது.

கேள்வி: பட்டன் எவ்வளவு இருந்தா மாத்தணும்?

புது டயர்ல 7, 8 எம்எம் இருக்கும். பள்ளத்துக்குள்ள அங்கங்க சின்ன மேடு வச்சிருப்பாங்க, சைடுல டி.டபிள்யூ.ஐ.ன்னு எழுதியோ முக்கோணம் போட்டோ இடம் காட்டிருப்பாங்க, பட்டன் தேஞ்சு அந்த மேட்டுக்கு சமமாச்சுன்னா 1.6 எம்எம். காருக்கு சட்டப்படி கடைசி அளவு அதுதான். ஆனா 3 எம்எம்க்கு கீழ வந்தாலே ஈரத்துல நிக்கிற தூரம் வேகமா கூடிக்கிட்டே போகும். நம்ம மழை எந்த மாசம்னு நமக்குத் தெரியும், அதனால என் யோசனை, புரட்டாசில ஒரு தடவை பாருங்க, 3க்கு பக்கத்துல இருந்தா மழைக்கு முன்னாடியே மாத்திருங்க. தை மாசம் வரைக்கும் இழுத்துப் பாப்போம்னு மழை முழுக்க மொட்டை டயர்ல ஓட்டிட்டு, வெயில் வந்ததும் புது டயர் போடுறவங்கதான் நம்ம பக்கம் ஜாஸ்தி, அத நெனச்சா மனசு கஷ்டமா இருக்கு.

கேள்வி: காசு ரெண்டு டயருக்குத்தான் இருக்கு. புதுச முன்னாடி போடவா பின்னாடி போடவா?

பின்னாடி. இதுக்கு நம்ம ஊரு கடைல சண்டையே நடக்கும், இன்ஜின் முன்னாடி, ஸ்டியரிங் முன்னாடி, முன் டயர்தான் இழுக்குது, அதனால புதுசு முன்னாடிதான்னு அடிச்சு சொல்வாங்க. கேக்குறதுக்கு நியாயமா இருக்கும். ஆனா ஈர ரோட்டு வளைவுல முன் டயர் வழுக்குனா கார் நேரா போகப் பாக்கும், நீங்க கால எடுத்தா சரியாகும், அந்த அளவுக்கு எல்லாருக்கும் கை வரும். பின் டயர் வழுக்குனா கார் அப்படியே சுத்திரும், அத நிறுத்துறது பழக்கப்பட்ட ரேஸ் டிரைவருக்கே சிரமம். அதனாலதான் மிஷ்லின் மாதிரி பெரிய டயர் கம்பெனிங்க, முன்சக்கர வண்டியா இருந்தாலும் புதுச பின்னாடி போடுங்கன்னு சொல்றாங்க. நல்லா இருக்குற பழச முன்னாடி கொண்டு வாங்க. அந்தப் பழசும் 3 எம்எம்க்கு கீழன்னா ரெண்டு டயர் கதை வேண்டாம், கொஞ்சம் பொறுத்து நாலையும் மாத்துங்க, அதுவரைக்கும் மழைல காரத் தொடாதீங்க.

கேள்வி: நாங்க சிங்கப்பூர்ல இருக்கோம், கார் ஊர்ல வீட்டுலயே நிக்குது, படைப்பு, கல்யாணம், கோயில் திருவிழான்னு வர்றப்ப மட்டும் எடுப்போம். பட்டன் புதுசா இருக்கு, மாத்தணுமா?

கானாடுகாத்தான், கோட்டையூர், பள்ளத்தூர்னு நம்ம ஊர்கள்ல பெரிய வீட்டுக்குள்ள இப்படி நிக்கிற கார் ஏராளம், அதனால இத கொஞ்சம் விவரமாவே சொல்றேன். டயர் ஓடுனாதான் தேயும்னு நெனைக்கிறோம், நின்னாலும் கெடும். ரப்பர்ல வெடிப்பு வராம இருக்க ஒரு மெழுகு கலந்திருக்காங்க, டயர் உருண்டு நெளியிறப்பதான் அது உள்ள இருந்து மேல வந்து மூடும். நின்னுகிட்டே இருந்தா வராது, சைடுவால்ல மயிரிழை மாதிரி வெடிப்பு விடும், ரப்பர் இறுகிரும், இறுகுன ரப்பர் ஈர ரோட்டுல பிடிக்காது. அதோட ஒரே இடத்துல நின்னு அடி தட்டையாயிரும், ஓட்டுறப்ப தடதடன்னு உதறும்.

சைடுல டி.ஓ.டி.ன்னு ஆரம்பிக்கிற வரிசைல கடைசி நாலு நம்பர பாருங்க, 2319ன்னா 2019ஆம் வருசம் 23ஆவது வாரம் செஞ்சது. 5 வருசம் தாண்டுனா வருசா வருசம் தெரிஞ்சவங்கள விட்டு பாக்கச் சொல்லுங்க, பட்டன் எவ்வளவு இருந்தாலும் 10 வருசத்துக்கு மேல வேண்டாம்னு கம்பெனிங்களே சொல்றாங்க, நம்ம வெயிலுக்கு நான் 6, 7லயே மாத்தச் சொல்லுவேன். ஸ்டெப்னியும் இதே கணக்குதான், அது டிக்கிக்குள்ளயே கிழவனாயிருக்கும், யாரும் பாக்குறதில்ல. வீட்டப் பாத்துக்கிறவங்ககிட்ட சொல்லி வாரம் ஒருக்க காத்து பாத்து ஊருக்குள்ள ஒரு சுத்து ஓட்டச் சொல்லுங்க. ஏர்போர்ட்ல இருந்து வந்து இறங்கின அன்னிக்கே அந்தக் காரை எடுத்து ராத்திரி மழைல திருச்சி ரோட்டுல 100ல போறது ரொம்ப பெரிய ஆபத்து.

கேள்வி: காத்து எவ்வளவு? நைட்ரஜன் அவசியமா?

டிரைவர் கதவத் தொறந்தா ஸ்டிக்கர் இருக்கும், அதுல போட்டதுதான் உங்க காருக்கு அளவு. டயர் சைடுல இருக்குறது அதிகபட்ச அளவு, அத அடிக்காதீங்க. ஓட்டுறதுக்கு முன்னாடி, காலைல, டயர் சூடில்லாம இருக்குறப்ப பாக்கணும், ஏன்னா 5, 6 டிகிரி சூடு கூடுனா 1 பி.எஸ்.ஐ. ஏறிரும், மத்தியானம் ஓட்டிட்டுப் போயி பாத்து ஜாஸ்தியா இருக்குன்னு இறக்கி விட்டுட்டு வந்தீங்கன்னா காலைல கம்மியாயிருக்கும். நைட்ரஜன் போட்டா கெடுதல் இல்ல, ஆனா சாதா காத்துலயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். ரெண்டு வாரத்துக்கு ஒருக்க ஒழுங்கா பாக்குறவருக்கு சாதா காத்தே போதும்.

கேள்வி: ரிம்ம பெருசு பண்ணி அகல டயர் போட்டா பிடிமானம் கூடுமா?

காஞ்ச ரோட்டுல கூடும், தேங்குன தண்ணில குறையும், ஏன்னா அதே கார் எடை அகலமான இடத்துல பரவுறதால டயர் தண்ணிய வெட்டிக்கிட்டு இறங்காது. ஒரு படி ஏத்துறது சரிதான், மொத்த உயரம் மாறக்கூடாது. ஸ்விஃப்ட்ல 165/80 ஆர்14 இருந்தவங்க 185/65 ஆர்15 போடுறாங்க, ரெண்டும் கிட்டத்தட்ட 620 எம்எம் உயரம், ஸ்பீடாமீட்டர் பொய் சொல்லாது, ஏபிஎஸ் (பிரேக் அடிக்கிறப்ப சக்கரம் பூட்டிக்காம பாத்துக்கிற கருவி) குழம்பாது. அதுக்கு மேல 17 இஞ்ச் அலாய், பட்டை மாதிரி மெல்லிசா டயர்னு போனா ஒரு பள்ளத்துல இறங்குனாலே சைடுல புடைச்சுக்கும், ரிம் வளையும். புடைச்ச டயர ஒட்ட முடியாது, மாத்தத்தான் வேணும்.

கேள்வி: பெர்ஃபார்மன்ஸ் டயர் சீக்கிரம் தேயுமாமே?

ஆமா, பெரும்பாலும். டயர்ல டிரெட்வேர்னு ஒரு நம்பர் இருந்தா பாருங்க, 200, 300ன்னா ரப்பர் இளக்கம், 500, 600ன்னா ரொம்ப நாள் வரும். அமெரிக்காவுல வந்த முறை அது, பக்கத்துலயே டிராக்ஷன்னு ஏஏ, ஏ, பி, சின்னு இருக்கும், அது ஈர ரோட்டுல நேரா பிரேக் அடிச்சுப் பாத்தது மட்டும், வளைவுக்கோ தேங்குன தண்ணிக்கோ அது பேசாது. இன்னொன்னு, அலைன்மென்ட் (சக்கரம் நிக்கிற கோணம்) கெட்டுப்போன கார்ல எந்த டயர் போட்டாலும் உள் ஓரம் தின்னுரும். வெளிய பாத்தா பட்டன் அழகா இருக்கும், குனிஞ்சு உள்பக்கம் பாத்தா நூல் தெரியும், அதனால ஸ்டியரிங்க முழுசா ஒடிச்சு வச்சுட்டு பாருங்க.

கேள்வி: ரோட்டுல வைக்கோல் போட்டிருக்காங்க, நல்ல டயர்தானே போட்டிருக்கோம், ஏறிப் போகலாமா?

மெதுவா, பிரேக் போடாம, திருப்பாம நேரா போங்க. தை மாசி அறுவடைல கதிரடிக்க ரோட்டுலயே பரப்புவாங்க, பனில நனைஞ்ச வைக்கோல் மேல எந்த டயரும் பிடிக்காது, ஏன்னா ரப்பர் ரோட்டயே தொடல. ஒதுங்கி நின்னு போறதுக்கு வழி இருந்தா அதுதான் நல்லது, வைக்கோல் அடியில சுத்தி சைலன்சர் சூட்டுல தீப்பிடிச்ச காரும் உண்டு.

கேள்வி: டயர் மாட்டுறப்ப கடைல என்ன பாக்கணும்?

சைடுல அம்புக்குறி இருந்தா அது சுத்துற திசை, மாத்தி மாட்டுனா தண்ணிய வெளிய தள்ளுற பட்டன் உள்ள இழுக்கும். அவுட்சைடுன்னு எழுதியிருந்தா அந்த எழுத்து வெளிய தெரியணும். நாலு டயர்லயும் வாரம் வருசம் நம்பர நீங்களே படிச்சுப் பாத்துட்டு மாட்டச் சொல்லுங்க, கூச்சப்படாதீங்க. பேலன்சிங், அலைன்மென்ட் அன்னிக்கே பண்ணிருங்க. புது டயர்ல அச்சுல இருந்து வந்த வழவழப்பு இருக்கும், முதல் சில நூறு கிலோமீட்டர் நிதானமா ஓட்டுங்க.

கேள்வி: எந்த பிராண்டுண்ணே வாங்குறது?

மிஷ்லின் பைலட் ஸ்போர்ட், பிரிட்ஜ்ஸ்டோன் பொடென்சா, யோகோஹாமா அட்வான், வ்ரெடெஸ்டெய்ன் அல்ட்ராக் இதெல்லாம் ஸ்போர்ட்ஸ் வகை. வ்ரெடெஸ்டெய்ன் டச்சு கம்பெனி, 2009ல இருந்து நம்ம அப்பல்லோவோடது. மிஷ்லின் பிரைமசி, பிரிட்ஜ்ஸ்டோன் டுரான்சா இதெல்லாம் டூரிங் வகை, அமைதியா இருக்கும், ஈரத்துலயும் நல்லா நிக்கும். எம்ஆர்எஃப்ல பெர்ஃபின்சா இருக்கு, 1946ல திருவொற்றியூர்ல பலூன் செஞ்சு ஆரம்பிச்ச கம்பெனி அது. குடும்பக் காருக்கு என் கணக்கு, செஞ்சு ஆறு மாசம் ஆகாத டூரிங் டயர், மூணு வருசம் கடைல கிடந்த ஸ்போர்ட்ஸ் டயர விட மேல். மதுரை, திருச்சில கடை பெருசு, சரக்கு சீக்கிரம் மாறும், புது தேதி கிடைக்க வாய்ப்பு ஜாஸ்தி. காரைக்குடிலயே வாங்குறீங்கன்னா முன்னாடியே சொல்லி வச்சு இந்த வருசச் சரக்கு வரவழைக்கச் சொல்லுங்க, பண்ணிக் குடுப்பாங்க.

கேள்வி: ஏபிஎஸ் இருக்கே, அது பாத்துக்காதா?

ஏபிஎஸ் சக்கரம் பூட்டிக்காம பாத்துக்கும், நீங்க பிரேக் மிதிச்சுகிட்டே திருப்ப முடியும், அது பெரிய விசயம். ஆனா ரோட்டுக்கும் ரப்பருக்கும் நடுவுல எவ்வளவு பிடிமானம் இருக்கோ அதுக்குள்ளதான் அதால வேலை பாக்க முடியும், அந்தப் பிடிமானத்த குடுக்குறது டயர்தான். மழைல திடீர்னு நிக்க வேண்டி வந்தா பிரேக்க பயப்படாம முழுசா மிதிங்க, காலுக்கு அடியில கடகடன்னு உதறும், அப்பவும் கால எடுக்காதீங்க.